மை படாத முகம்

பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்து சட்டையில் விழுந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி ஒரு வாய் எடுத்தேன். மறுபடியும் வழிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். வலது பக்கம் நான் இருந்தேன். இடது பக்கத்தில் புருவம் இறங்கி, கன்னம் தொய்ந்து, உதட்டோரம் சரிந்து, வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். சிரித்துப் பார்த்தேன். வாய் முழுவதும் வலப்பக்கமாக இழுபட்டுப் போனது. இடது பக்கம் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் சும்மா இருந்தது.

என் கணவர் வாசலில் உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். அவர் லோரி ஓட்டுகிறார். எங்கள் ஊரான பத்தாங் காலியைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றிக் கோலசிலாங்கூர் பக்கத்து ஆலையில் இறக்கும் வேலை. "என்னங்க" என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லில் உதடு சேர வேண்டிய எழுத்து எதுவும் இல்லை. அதனால் சரியாகவே வந்தது. திரும்பிப் பார்த்தார். காடிச் சாவியை எடுத்து என்னைக் காரில் ஏற்றினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் என் இடது கையைப் பிடித்து, இறுக்கு, இறுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் இறுக்கிக்கொண்டே இருந்தேன். அவருடைய அப்பா பக்கவாதத்தில் படுத்துப் போனவர். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். கைகளைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், புருவத்தை உயர்த்தச் சொன்னார். இடது புருவம் உயரவில்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. மூளையில் கோளாறு என்றால் நெற்றி அசைந்திருக்குமாம். நெற்றியும் சேர்ந்து அசையாததால் இது முகத்துக்கு வரும் நரம்பு வீங்கியதுதான் என்றார். முகம் தூங்கிப் போயிருக்கிறது, பெரும்பாலும் எழுந்துவிடும், கொஞ்ச காலம் ஆகும் என்று மலாயில் சொன்னார். என் கணவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கைநிறைய சோயாப் பால் பொட்டலங்கள். யாருக்கு இத்தனை என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் முகம் என்பது எத்தனை வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்தது. சோறு இடது கன்னத்தில் போய்த் தங்கிவிடும். விரலை விட்டு எடுக்க வேண்டும். 'ப' சொன்னால் காற்று ஓடிவிடும். கடையில் பப்பாளி கேட்க முடியாமல் கொய்யா வாங்கி வந்திருக்கிறேன். இடது கண் மூடாது. அதற்குச் சொட்டு மருந்து விட்டு, படுக்கும்போது இமையை இழுத்து டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். என் மகள் ஒட்டிவிடுவாள். கல்லூரியில் படிக்கும் பெண்; எப்போதும் போனில் இருக்கும் அவள் விரல்கள் அந்த வேலையை மட்டும் அவ்வளவு மெதுவாகச் செய்யும்.

வேலைக்குப் போவது கஷ்டமாக இல்லை. செரண்டாவில் ஒரு லேபிள் அச்சடிக்கும் பேக்டரியில் பல வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். குளியல் சவர்க்காரப் பெட்டி, மருந்துப் புட்டி, பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றுக்கும் லேபிள் அடித்து வரும். வெளிச்ச மேசையில் தாளைப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் எழுத்துக்குப் பக்கத்தில் பேய் நிழல் மாதிரி ஒன்று நிற்கும். அந்தத் தாளை எடுத்துவிட்டு மெஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும். உள்ளே எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வோம். அது எனக்கு வசதியாகப் போயிற்று. வெளியிலும் கழற்றாமல் இருக்கத் தொடங்கினேன். சந்தையில், ரயிலில், கோயிலில்கூட. கடைசியில் வீட்டுக்கு யாராவது வந்தாலும் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை உயர்த்த வேண்டும், மூக்கைச் சுருக்க வேண்டும், கன்னத்தை ஊத வேண்டும், எல்லாம் மெதுவாக, வலிந்து இழுக்காமல். பயிற்சி கொடுத்த பெண் நல்லவள். ஆனால் கண்ணாடியைப் பார்க்க என்னால் முடியவில்லை. புருவத்தை உயர்த்து என்று மனம் சொல்லும், கண்ணாடியில் ஒரு பாதி மட்டும் கேட்கும். நாலாவது முறை கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் சோறு வேகும் நேரத்தில் சமையலறையில் நின்று, கண்ணாடி இல்லாமலே செய்தேன். அப்போது எனக்கு நேர் எதிரே சுவரில் இருந்தது ஒரு ஜப்பானிய நாள்காட்டி.

எங்கள் பேக்டரிக்கு மை அனுப்பும் ஜப்பான் கம்பெனி வருஷக் கடைசியில் நாள்காட்டிகளும் அனுப்பும். பூக்கள் போட்டவை, பனிமலை போட்டவை எல்லாவற்றையும் ஆள் ஆளுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. மாதத்துக்கு ஒரு ஆள், எல்லாம் அந்தக் காலத்து ஜப்பான் ஆட்கள், முறைத்துக்கொண்டும் முகத்தைக் கோணிக்கொண்டும் இருந்தார்கள். இது பேய்ப் படம், யாரும் வீட்டில் மாட்டமாட்டார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னாள். தாள் நல்ல தாள் என்பதால் நான் எடுத்து வந்தேன். அடுப்புக்கு எதிரே பெயின்ட் உரிந்த இடத்தை மறைக்க மாட்டினேன். அத்தனை மாதமும் தேதியை மட்டும் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த மாதத்து ஆள் தாள் முழுவதும் நெஞ்சும் தலையுமாக நின்றான். கை ஒன்று வாளின் பிடியை இறுக்கியிருந்தது. வாய் கவிழ்த்துப் போட்ட பிறை. இரண்டு கருவிழிகளும் மூக்கை நோக்கி ஒன்றுகூடி நின்றன. மாறுகண் என்று முதலில் நினைத்தேன். பார்க்கப் பார்க்க அது கோபத்தின் உச்சி என்று தெரிந்தது. அதற்குமேல் கோபம் போக இடம் இல்லை, அதனால் அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறான். நான் புருவத்தை உயர்த்துவதை விட்டுவிட்டு, என்னையறியாமல் கருவிழிகளை மூக்குப் பக்கம் கொண்டுவந்தேன்.

வந்தன. இரண்டும் வந்தன.

கருவிழியை உருட்டுவது வேறு நரம்பாம், அது எனக்குக் கெடவில்லை என்று பயிற்சிக்காரப் பெண் பிறகு சொன்னாள். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. இத்தனை நாளில் முதல்முறையாக என் முகத்தில் இடமும் வலமும் ஒன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்டன. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. நான் அப்படியே முறைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நாள்காட்டியைக் கீழே எடுத்து மேசையில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் ஒரே கோடு. கண்ணுக்கு இரண்டு கோடு. வாய்க்கு இன்னொன்று. இவ்வளவுதான் முகம், ஆனால் ஒருவன் மாதிரி இன்னொருவன் இல்லை. ஒருத்தன் தந்திரக்காரன், ஒருத்தன் ஏமாந்தவன், ஒருத்தன் ஏதோ துக்கத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறான். இன்னொன்றையும் கவனித்தேன். பன்னிரண்டு மாதத்தில் ஒருவர்கூட நேராகப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரு பக்கம் திரும்பியிருந்தார்கள். முகத்தின் ஒரு பாதிதான் முழுசாகத் தெரிந்தது. மூக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கண், ஒரு கீற்றுக் கன்னம், அவ்வளவுதான். ஆனாலும் யாரையும் பாதி முகம் என்று சொல்ல முடியாது.

மகள் சாயங்காலம் வந்ததும் காட்டினேன். அவள் போனில் தேடி, "இது கபுக்கி ம்மா. ஜப்பான் டிராமா. இவங்கல்லாம் ஆக்டர்ஸ், அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார்ஸ் மாதிரி. மரத்துல செதுக்கி பிரிண்ட் பண்ணி கடையில விப்பாங்களாம்" என்றாள். கறுப்பு மேலாடை போட்ட ஒரு பெண்ணின் படம் இருந்தது. சின்ன வாய், நெற்றிக்கு மேல் ஊதாத் துணி. அதுவும் ஆண்தான் என்றாள் மகள். பெண் வேஷம் கட்டுவதற்கென்றே வாழ்ந்தவர்களாம். மழித்த முன்தலையை மறைக்கத்தான் அந்தத் துணி. மறுபடி பார்த்தேன். தாடையில் ஒரு கனம் இருந்தது. வரைந்தவன் அதை மறைக்கவில்லை. வேஷத்தையும் காட்டியிருக்கிறான், வேஷத்துக்குள்ளே இருக்கும் வயதான மனுஷனையும் காட்டியிருக்கிறான். இரண்டும் ஒரே கோட்டுக்குள் இருந்தன. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

மகள் ஒரு காணொளியும் போட்டுக் காட்டினாள். மேடையில் ஒரு நடிகர் காலைத் தூக்கி வைத்து, தலையை ஒரு சுற்றுச் சுற்றி, சட்டென்று நிறுத்தினார். பக்கத்தில் யாரோ இரண்டு மரக்கட்டைகளைத் தரையில் தட்டினார்கள். கண்கள் மூக்குக்கு வந்தன. அப்படியே நின்றார். இமை கொட்டவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு ஆள் ஏதோ ஒரு சொல்லை உரக்கக் கத்தினான்.  சமையலறைச் சுவரில் இருந்தது பயமுறுத்தும் படம் இல்லை, அந்த ஒரு கணம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓடுகிற நாடகத்தை அந்த நடிகன் நிறுத்தினான். அவன் நிறுத்தியதை இன்னொருவன் மரத்தில் பிடித்துவிட்டான்.

அன்றிலிருந்து நானும் மகளும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து முறைப்போம். யார் முதலில் இமைக்கிறார்கள் என்று பார்ப்போம். நான்தான் ஜெயிப்பேன்; வலது கண் இமைத்தாலும் என் இடது கண் இமைக்கவே இமைக்காது, அதைத்தான் கணக்கில் வைப்பேன். "ச்சீட்டிங் லா ம்மா" என்பாள் மகள். பிறகு சொட்டு மருந்தை எடுத்து வருவாள். ஒரு நாள் என் கணவர் வேலை முடிந்து உள்ளே வந்தபோது நான் வாயைக் கவிழ்த்து, கண்களை ஒன்றுகூட்டி, கையை இறுக்கி உட்கார்ந்திருந்தேன். அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி கீழே விழுந்தது. இன்னொரு பாதியும் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை. அடுத்த நாள் அவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கண்கள் ஒன்றுகூடவே இல்லை. ஒன்று வரும், மற்றது சன்னல் பக்கம் போய்விடும்.

கோலசிலாங்கூர்த் தோட்டத்தில் இருக்கும் அவருடைய அக்கா என்னைப் பார்க்க வந்தபோதுதான் தகராறு வந்தது. கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து என் கன்னத்தில் பூசினார். பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே தெனமும் சமைச்சா வேற என்னா ஆவும்? அதான் ஒனக்கும் இழுத்துக்கிச்சி" என்றார்.

நாள்காட்டியைக் கழற்றிக் குப்பைக்குப் போடப் போனார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்கு மூத்தவர், நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசியதில்லை.  ஆனால் அன்று விடவில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் முகக்கவசத்துக்குள்ளிருந்து, "அண்ணி, இவங்களப் பாத்தாதான் எனக்கு மொகம் இருக்குன்னே தெரியுது" என்றேன். 'மொகம்' சரியாக வரவில்லை. அண்ணி கையை விட்டார். அப்படியென்றால் சாமி படத்துக்கு எதிரே மாட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

தலைநகரில் ஒரு கலைக்கூடத்தில் அசல் படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று மகள்தான் கண்டுபிடித்தாள். ஜப்பானிலிருந்து வந்தவை, இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனவையும் உண்டு என்றாள். பத்தாங் காலியில் ரயில் ஏறினோம். நாள்காட்டியில் பார்த்ததை நினைத்து நான் ஆள் உயரத்துக்குப் படம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். உள்ளே போனால் மங்கலான அறை. சுவரில் பள்ளிக்கூட வரைதாள் அளவுக்குச் சின்னச் சின்னச் சட்டங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் வெளிறிவிடும் என்று விளக்கைக் குறைத்திருந்தார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முதல் படத்துக்குக் கிட்டே போகும்வரைதான்.

கிட்டே போனதும் என் கண் பழக்கதோஷத்தில் நிறங்கள் விலகியிருக்கின்றனவா என்று தேடியது. ஒரு நடிகரின் மேலாடைக் கரை: கறுப்புக் கோட்டுக்குள் சிவப்பு, சிவப்புக்குள் மஞ்சள், அதற்குள் ஒரு சின்ன இலை பச்சையில். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மரப்பலகை. ஒவ்வொரு பலகையிலும் தாளைக் கையால் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். எங்கள் மெஷின் கணினி வைத்துச் செய்தும் நாளுக்கு எத்தனை தாளை நான் ஒதுக்குகிறேன்! இங்கே நான் ஒதுக்க ஒன்றுமில்லை. காதோரத்தில் முடி நெற்றியைத் தொடும் இடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு மயிரும் தனியாக நின்றது. மரத்தில் மயிரைச் செதுக்க முடியாது. மயிர்களுக்கு நடுவே இருக்கும் மரத்தைத்தான் செதுக்கி எடுக்க முடியும். யாரோ ஒருவன் மயிரை விட மெல்லிய இடைவெளிகளை, அதுவும் இடவலம் மாற்றி, கத்தியால் எடுத்திருக்கிறான். கை நடுங்கினால் போயிற்று. 

காவலுக்கு நின்றவர் மரியாதையாகக் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். பின்னால் வந்தபோது என் தலை அசைந்ததில் படத்தின் பின்புலம் சட்டென்று மின்னியது. வெறும் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன். காக்காப்பொன் என்போமே, அந்தத் தூளைப் பூசியிருந்தார்கள். தாளிலிருந்து ஒரு வெள்ளி ஒளி வந்து, நான் நகர்ந்ததும் போனது. மறுபடி நகர்ந்தேன், மறுபடி வந்தது. நடிகர் விளக்கொளியில் நிற்பதுபோல் இருந்தது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். அவர் கழுத்துப்பட்டையில் மையே இல்லாமல் அழுத்தி எழுப்பிய பூக்கள் இருந்தன. நேராகப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும். ஆனால் முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த மூச்சு என் மூக்குக்கண்ணாடியில் புகையாகப் படிந்துகொண்டே இருந்தது. துடைத்தேன். மறுபடி படிந்தது. கவசத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு மறுபடி குனிந்தேன்.

அதை நான் யோசித்துச் செய்யவில்லை. இரண்டு படம் தள்ளிப் போன பிறகுதான் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். 

அடுத்த அறையில் ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தரையில் மேசை போட்டு அச்சிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கைக்கு மேல் சுருட்டிய சட்டை, விறகு வெட்டுகிறவளுடைய கைகள். பக்கத்தில் மலாயில் சொல்லிக்கொடுக்க ஒரு மாணவி. பலகையின் மூலையில் சின்னதாக இரண்டு வெட்டுகள் இருந்தன. தாளின் மூலை ஒன்றில் உட்கார வேண்டும், ஓரம் இன்னொன்றைத் தொட வேண்டும். நிறங்கள் விலகாமல் இருக்க அவர்களிடம் இருந்ததெல்லாம் அவ்வளவுதான். மூங்கில் மடல் சுற்றிய ஒரு தட்டையால் தாளின் முதுகைத் தேய்த்தார். தூக்கியதும் ஒரு நடிகரின் முகம் கறுப்புக் கோடுகளில் வந்தது. அடுத்த பலகையில் சிவப்பு, அதற்கடுத்ததில் நீலம். ஒவ்வொன்றாக உடையும் முடியும் நிறைந்தன. நான் முகத்துக்கு நிறம் வரும் என்று காத்திருந்தேன். அவர் தூரிகையைக் கழுவிவிட்டுத் தாளைக் காயப் போட்டார்.

முகத்துக்கு எப்போது போடுவார்கள் என்று மாணவியிடம் கேட்டேன். அவள் கேட்டுச் சொன்னாள். அந்தப் பெண் தலையசைத்து, விரல் நுனியைத் தாளில் படாமல் முகத்துக்கு மேலே பிடித்து ஒரு சொல் சொன்னார். போடுவதில்லையாம். அது தாள்தானாம்.

 எங்கள் சவர்க்கார லேபிளில் ஒரு பெண் சிரிப்பாள். அவள் கன்னத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் நெரிந்துகொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளைக் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இவர்கள் முகத்தில் ஒன்றையும் வைக்கவில்லை. சுற்றியிருப்பதையெல்லாம் அச்சிட்டுவிட்டு முகத்தைத் தாளிடமே விட்டுவிட்டார்கள். மை படாத அந்த வெள்ளையில்தான் அத்தனை கோபமும் துக்கமும் இருந்தன. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். எல்லா முகமும் வெறும் தாள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ கூழாக்கிப் பரப்பி உலர்த்திய தாள் என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் என்னிடம் ஏதோ கேட்டார். எந்தப் படத்தைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்கிறார் என்றாள் மாணவி. எங்கள் வீட்டு நாள்காட்டியில் இருந்தவன் அந்தச் சுவரில்தான் இருந்தான். சொல்ல வாயெடுத்தேன், உதடு சேரவில்லை. கையைக் காட்டினேன், அந்தப் பக்கம் நிறையச் சட்டங்கள். அதனால் செய்து காட்டினேன். கையை இறுக்கி இடுப்பில் வைத்தேன். தலையை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினேன். வாயின் வலது பாதி கவிழ்ந்தது, இடது பாதி ஏற்கெனவே கவிழ்ந்துதான் இருந்தது. கண்களை மூக்குக்குக் கொண்டுவந்தேன். இமைக்கவில்லை.

 அந்தப் பெண் கையிலிருந்த தட்டையைக் கீழே வைத்தார். அவர் சிரிக்கப்போகிறார் என்று ஒரு கணம் பயந்தேன். அவர் முதுகை நிமிர்த்தி, அடித்தொண்டையிலிருந்து, அந்த மங்கலான அறை அதிர ஒரு சொல்லைச் சொன்னார்.

"மத்தே மாஷ்தா."

காணொளியில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் கத்தினானே, அதே குரல், அதே ஏற்றம். மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக எனக்கு மலாயில் சொன்னாள். நடிகர் மேடையில் உச்சத்துக்கு வரும்போது ரசிகர்கள் சொல்வதாம் அது. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று அர்த்தமாம்.

நான் இன்னும் அதே நிலையில்தான் நின்றேன். கலைக்கத் தெரியவில்லை. இடது கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. அது மூடாத கண், காற்றுப் பட்டால் வழியும். ஆனால் அப்போது வலது கண்ணிலும் வந்தது. மகள் வந்து தோளைப் பிடித்து, "போதும் ம்மா, கண்ணு காஞ்சிடும்" என்று சொட்டு மருந்தை எடுத்தாள். அந்த ஜப்பான் பெண் எழுந்து வந்து, மையேறிய இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். எங்களுக்குள் பேச ஒரு மொழியும் இல்லை.

படங்கள் என் முகத்தைக் குணப்படுத்தின என்று சொல்லமாட்டேன். நரம்பு தன் போக்கில் திரும்பி வந்தது, படங்கள் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்றுதான் டாக்டரும் சொன்னார். அண்ணிக்கு அது திருநீறு. நான் மறுக்கவில்லை. முதலில் புளிப்பு மாங்காய் கடித்தபோது உதட்டோரம் துடித்ததை மகள் பார்த்தாள். பிறகு ஒரு நாள் பயிற்சிக்காரப் பெண்ணிடம் 'பப்பாளி' என்றேன், எல்லா 'ப'வும் வந்தன. முழுசாக எல்லாம் திரும்பவில்லை. நான் சிரித்தால் இப்போதும் இடது கண் தானாகச் சுருங்கும். நரம்பு திரும்பி வரும்போது வழி மாறிவிட்டது என்றார்கள். எனக்கு அது பரவாயில்லை. அப்படியே போட்டோவுக்கும் நிற்கிறேன்.

மாறியது வேறு ஒன்று. ஆட்களின் முகத்தை நான் பார்க்கத் தொடங்கிவிட்டேன். கேண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் கிளறும் அம்மா உப்புப் பார்க்கும்போது ஒரு கணம் உலகத்தையே நிறுத்திவிடுவாள். மெஷினில் நிற்கும் நேப்பாளத் தம்பி போனில் அம்மாவிடம் பேசும்போது அவன் புருவம் மட்டும் ஊருக்குப் போய்விடும். இத்தனை வருஷம் இவர்கள் நடுவில்தான் இருந்தேன். மயிரிழை விலகினால் கண்டுபிடிக்கிற கண்ணை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து மீசை, தாடை என்று ஒரே கோடாக இறங்கியது. லோரிக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து விழுந்து வலது கன்னம் கறுத்திருந்தது. காதோரத்தில் நரை ஒவ்வொன்றாகத் தனித்து நின்றது. இதைச் செதுக்குகிறவன் எங்கே தொடங்குவான் என்று நினைத்தேன். வாயோரத்தில் ஒரு சின்ன மடிப்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்த காலையில் வந்திருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிட்டே உட்கார்ந்தேன்.

சத்தத்தில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்னா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லங்க. அசையாம இருங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.